நீலகண்டன் குறை சொல்லாத ரொட்டி

கடையில் எதற்கு ரொட்டி வாங்குகிறீர்கள், வீட்டிலேயே சுட்டுவிடலாமே என்று கேட்கும் ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். உங்கள் கையில் பேக்கரிப் பை இருக்கும் நேரம் பார்த்துத்தான் எதிரே வருவார்கள். "மாவு, மோர், ஒரு சிட்டிகை சோடா உப்பு. அரை மணி நேரம். காசே ஆகாது" என்பார்கள். ரொட்டி சுலபம். சொல்கிறவர்தான் சுலபத்தில் விடமாட்டார்.

இந்த இனத்தில் நன்கு முற்றிய ஒருவனைப் பார்க்க வேண்டுமானால் மலையாளச் சீமையில் கிழக்கேகோட்டைக்கு வாருங்கள். பெயர் சுமந்த். கழக்கூட்டத்து ஐ.டி. வளாகத்தில், பிறர் எழுதும் மென்பொருளில் குற்றம் கண்டுபிடிப்பது அவன் உத்தியோகம். காசே ஆகாத ரொட்டிக்காக அவன் ஓர் ஓவன் வாங்கினான், கிராம் பிசகாத தராசு வாங்கினான், ரொட்டியின் வயிற்றில் குத்திப் பார்க்கும் வெப்பமானி வாங்கினான், ஆரியசாலைக் கடைத்தெருவில் மொத்த விலைக்கு வருகிறதே என்று மூட்டையாகக் கோதுமை மாவு வாங்கினான், மூட்டைக்குள் வண்டு போகாமலிருக்க ஒரு டிரம் வாங்கினான், டிரம்முக்கு இடம் விட்டு வாஷிங் மெஷின் வாசலுக்குக் குடிபெயர்ந்தது. சிக்கனம் என்றால் இதுதான்.

ரொட்டி வெந்ததும் உடனே தின்றுவிடலாம் என்று நினைத்தீர்களா? முதலில் அதன் அடியைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பான். பிறகு படம் எடுப்பான். பிறகு கத்தியை ஒளித்து வைப்பான்.

"ஆறணும். உள்ளே இன்னும் வெந்துண்டிருக்கு."

"எனக்கும் உள்ளே வெந்துண்டுதான் இருக்கு" என்பாள் மனைவி மாளவிகா. "மதி சுமந்த், போதும். கத்தியைக் குடுங்கோ."

இவனுக்கு ஏன் இந்தப் பாடு? இந்த இடத்தில் அவனைச் சற்று மன்னிக்க வேண்டியிருக்கிறது.

அந்த வீட்டில் ரொட்டி சுட்டவள் அவன் அம்மா விஜயம். ரப்பரும் வெயிட்டும் இல்லாத பழைய குக்கர், அடியில் ஒரு கை உப்பு, கைக்கு வந்த அளவு. அவன் அப்பா நீலகண்டன் காலமெல்லாம் அதைத் தின்றார். காலமெல்லாம் குறை சொன்னார். உப்பு போறாது. மோர் புளிச்சுடுத்து. "அடி தீஞ்சுடுத்து விஜயம், கரியைத் தின்னவா?"

"சுரண்டிட்டுத் தின்னுங்கோ. கை இருக்கே" என்பாள் அவள்.

ஸ்பூனால் கரகரவென்று சுரண்டுவார். மூன்று துண்டு உள்ளே போகும்.

சித்திரையில் விஜயம் போனாள். அதற்குப் பிறகு நீலகண்டன் குறை சொல்வதில்லை. சாப்பிடுவதும் இல்லை. சட்டை தோளில் தொங்கியது. மகன் ஓவனை வாங்கினான்.

"எப்படிப்பா இருக்கு?"

"கொள்ளாம்டா. ரொம்ப நன்னாருக்கு."

"உப்பு?"

"சரியா இருக்கு."

"ஏதாவது குறை சொல்லுங்கோளேன்."

"என்ன குறை? ஹோட்டல் மாதிரி இருக்கு."

விருந்துக்குப் போன இடத்தில் பேசும் மரியாதை. ஒரு விள்ளல் வாய்க்குள் போகும். மிச்சம், யாரும் பார்க்காதபோது, மதில்மேல் காக்கைகளுக்கு. குறையே இல்லை என்று ஓர் அறிக்கை வந்தால் மென்பொருளை யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். சுமந்தின் தொழிலில் இது அரிச்சுவடி. ஆகவே என்ன செய்தான்? இன்னும் துல்லியமான வெப்பமானி ஒன்று வாங்கினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாவில் மோரை ஊற்றிப் பிசைந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. கரண்டு போயிற்று. சோடா உப்புக்குக் காத்திருக்கத் தெரியாது. மாவு அப்போதே பொங்க ஆரம்பித்துவிட்டது. மாளவிகா பரணிலிருந்து பழைய குக்கரை இறக்கி, அடியில் உப்பைக் கொட்டி, கேஸ் அடுப்பில் வைத்தாள்.

"எத்தனை டிகிரி?" என்றான் சுமந்த்.

"அம்மா டிகிரி பார்த்தாளா?"

மூடிய குக்கருக்குள் வெப்பமானி போகாது. மூக்கை நம்பி நின்றான். பட்டம் வாங்கிய மூக்கு. தாமதமாகத்தான் சொல்லிற்று.

"ஐயோ, கரியறதே!" என்று மாளவிகா ஓடிவந்து இறக்கினாள். அடி முழுக்கக் கறுப்பு. அவன் அதைக் குப்பைக் கூடைக்குக் கொண்டுபோவதற்குள் நீலகண்டன் சமையலறை வாசலில் நின்றிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. உட்கார்ந்தார். ஒரு துண்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"அடி தீஞ்சுடுத்து."

மகன் பக்கம் திரும்பினார்.

"கடையையே கொண்டுவந்து வச்சிருக்கே. அடுப்பைத் தணிக்கத் தெரியாதோ? கரியைத் தின்னவா?"

பதில் சுமந்துக்குத் தெரியும். சொன்னது மாளவிகா:

"சுரண்டிட்டுத் தின்னுங்கோப்பா. கை இருக்கே."

நீலகண்டன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஸ்பூனை எடுத்தார். மழைச் சத்தத்துக்கு மேல் கரகரவென்று கேட்டது. ஒரு துண்டு போயிற்று. தட்டை இழுத்து இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

"உப்பும் போறாது" என்றார், வாய் நிறைய.

சுமந்த் திருந்திவிட்டான் என்று நினைக்காதீர்கள். இன்றைக்கும் ஆபீஸில் பேக்கரிப் பையோடு வருகிறவனை மறித்து "காசே ஆகாது" என்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓவனை விட்டுவிட்டு, குக்கரை ஏற்றி, இறக்க வேண்டிய நேரத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் வேடிக்கை பார்க்கிறான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் உங்கள் கைப்பாகத்தை எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதானே சொல்கிறார்கள்? ஒருவர்கூட முகம் சுளிப்பதில்லையே? சந்தோஷம். எதற்கும் ஒருமுறை மதில் பக்கம் போய், காக்கைகள் எவ்வளவு கொழுத்திருக்கின்றன என்று பார்த்துவிட்டு வாருங்கள்.