திருநீறு பூசிய நண்டு

எனக்கொரு கெட்ட பழக்கம்: வெள்ளி கறுத்துக் கிடந்தால் கை சும்மா இருக்காது. குங்குமச் சிமிழ், மனைவியின் கொலுசு, எதுவானாலும் திருநீறு போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்துவிட்டு, யாராவது பாராட்டும்வரை அங்கேயே நிற்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி ரமணன் லண்டன் டூட்டிங்கில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பழைய கிரேக்கக் காசு சேர்க்கிற விசரன். பின்னேரம் நாணயச் சங்கத்தில் அவனுடைய முதல் பேச்சு. மூன்று வருடம் கேட்டுக் கேட்டுக் கிடைத்த மேடை. பேச்சே ஒரு வெள்ளிக்காசைப் பற்றித்தான்.

“பாருங்கோ அத்தான், மெட்டாபொன்டம். கிரேக்க ஆக்கள் கப்பலேறிப் போய் இத்தாலியில கட்டின ஊர். அங்க பார்லி நல்லா விளைஞ்சது. அதுதான் காசில பார்லிக் கதிர்.”

“அப்ப நாங்கள் டூட்டிங்கில காசு அடிச்சா?”

“கொத்துரொட்டி” என்றுவிட்டுக் குளிக்கப் போனான்.

காசு மேசையில் கரிக்கட்டை மாதிரிக் கிடந்தது. நாலு பேர் முன்னால் இதையா காட்டுவான், பாவம் என்று நினைத்தேன். (நினைக்கிற வேலைக்கே நான் போயிருக்கக் கூடாது.) திருநீற்றை எடுத்தேன். பத்தே நிமிடம்.

தலை துவட்டியபடி வந்தவன் துவாயைக் கீழே விட்டான்.

“அத்தான், அந்தக் கறுப்பு எங்க?”

“ஊத்தையை எடுத்திட்டன்.”

“அது ஊத்தை இல்லை. ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல தானாப் படிஞ்சது. காசு சேர்க்கிற ஒருத்தரும் அதில கை வைக்க மாட்டினம்.”

கறுப்பைத் திரும்ப வரவைக்க வழி உண்டா என்று போனில் தேடினேன். அவித்த முட்டை வெள்ளியைக் கறுக்க வைக்குமாம். இரண்டை அவித்து மசித்து, காசோடு டப்பாவில் அடைத்தேன். (திருநீறும் முட்டையும் ஒரே நாளில், ஒரே காசுக்கு. சாமி அலுமாரிக்குள் இருந்து பிள்ளையார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.) இரண்டாயிரம் வருடத்தை ஒரு மணித்தியாலத்தில் எட்டிப் பிடிப்பது என் திட்டம். திறந்தால், காசுக்குக் காமாலை. கதிருக்குப் பக்கத்தில் வேறு, கொடுக்கு மாதிரி ஒரு கோடு. கீறியும் விட்டேனா? அதை ரமணனிடம் மூச்சு விடவில்லை.

பரிகாரமாகக் கார் ஓட்டிப் போனேன். வழி முழுக்க அவன் ஜன்னலையே பார்த்தான்.

சங்கத்தில் காசு கைக்குக் கை சுற்றி வந்தது. நான் கடைசிக் கதிரையில், கதவுக்குப் பக்கமாக உட்கார்ந்திருந்தேன். வயதான வெள்ளைக்காரர் ஒருவர் பூதக்கண்ணாடியோடு அந்தக் கோட்டின் மேல் குனிந்தவர் நிமிரவேயில்லை. கடைசியில் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: “இது நண்டுக்கால். சிசிலியில் அக்ரகாஸ் என்ற கிரேக்க ஊர்க் காசில்தான் நண்டு இருக்கும். அந்தப் பழைய காசின் மேலேயே மெட்டாபொன்டம் ஆட்கள் தங்கள் பார்லிக் கதிரை அடித்திருக்கிறார்கள். இவ்வளவு நாளும் கறுப்புக்குள் ஒளிந்திருக்கிறது.”

எல்லாரும் எழும்பி ஓடிவந்தார்கள். ரமணன் எழுதி வந்த தாளை மடித்து வைத்துவிட்டு நண்டைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசினான். என் நெஞ்சு நிமிரத் தொடங்கியது.

அப்போது அந்த மனிதர் காசை மூக்கருகே கொண்டுபோனார். “எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. இது ஏன் முட்டை மணக்கிறது?”

போன கறுப்பு திரும்பவேயில்லை. ரமணன் என்னை மன்னித்துவிட்டதாகத்தான் சொல்கிறான். ஆனால் இன்றைக்கும் நான் திருநீற்றுத் தட்டோடு வந்தால், நெற்றியை நீட்டிக்கொண்டே கையால் சட்டைப்பையைப் பொத்திக்கொள்வான்.