டிசி கரண்ட்டும் என் இடது புருவமும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நீயும் அத்தானும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நம் இரண்டு வீடுகளில் ஒன்றாவது உருப்படட்டும். நான் உயிரோடு இருக்கிறேன். இடது புருவம் மட்டும் இல்லை. காரணம், நீ பெற்ற பிள்ளை.

டேட்டா சென்டரில் கரண்ட் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். ஐந்து கூடம் நிறையக் கம்ப்யூட்டர்கள். ஒரு நொடி கரண்ட் நின்றால் பாதி ஊர் போன் போட்டுத் திட்டும். "படிச்சிட்டுச் சும்மா இருக்கான், எங்கயாவது சேத்துவிடுடா" என்று நீ கேட்டாய், மருமகனாயிற்றே என்று நானும் முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். வந்து காலூன்றுவதற்குள் முதலாளி அறைக்குப் போய், "வெளியிலேர்ந்து ஏசி கரண்ட் வருது சார், அதை டிசியாக்கி பேட்டரில ஏத்துறோம், திரும்ப ஏசியாக்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்புறோம், அதுக்குள்ள போயி மறுபடியும் டிசியாகுது. தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறோம். ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் கரண்ட் வீணாச் சூடாகிப் போகுது. நேரா டிசியே குடுத்துடலாம்" என்றான். இத்தனை வருஷமாக அந்த மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தவன் நான். முதலாளி என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது.

ஒரு கூடத்தை மட்டும் டிசிக்கு மாற்றிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. 'ஏசியை எடுக்கிறார்கள்' என்று செய்தி பரவியதும் மேல்மாடி ஆட்கள் புழுங்கிச் சாக முடியாது என்று என் அறை வாசலில் வந்து நின்றார்கள், அது வேறு ஏசி, உங்கள் குளிர்ப்பெட்டி எங்கும் போகாது என்று தொண்டை வற்றச் சொல்லி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனால், "ஏசி கூட இல்லாத ஆபீஸ்ல இன்னும் எதுக்கு உக்காந்திருக்கீங்க" என்று உன் தம்பி பெண்டாட்டி ஆரம்பித்தாள். புது டிசி லைன் போட்ட மறுநாள் வாட்ச்மேன் கேட்டார் என்று எங்கள் எலக்ட்ரீஷியன், 'அவசரம்' என்றுதான் அவனைக் கூப்பிடுவோம், ஏசியில் மட்டுமே ஓடும் அவருடைய மேஜை ஃபேனை அதில் மாட்டிக் கொடுத்துவிட்டான். அது சுற்றவில்லை, முனகக்கூட இல்லை. நின்ற இடத்தில் புகைந்தது.

பிறகுதான் புருவம். டிசி கூடத்தைக் காட்ட வெளி ஆட்களை அழைத்து வந்த முதலாளி, "ஒரு மிஷினை நிறுத்திக் காட்டுங்க" என்றார். வழக்கம்போல நான் பிளக்கைப் பிடித்து இழுத்தேன். "மாமா, இழுக்காதீங்க, மொதல்ல சுவிட்ச்" என்று அவன் கத்தியது இழுத்த பிறகுதான் காதில் விழுந்தது. ஏசி கரண்ட் நொடிக்கு நூறு தடவை செத்துப் பிழைக்கும், பொறி வந்தாலும் தானே அவிந்துவிடும். டிசி சாகவே சாகாது, அக்கா. பிளக்குக்கும் துளைக்கும் நடுவில் நீலமாக ஒரு தீ நின்றுகொண்டு என்னையே பார்த்தது. பார்த்த பார்வையில் இடது புருவம் பொசுங்கிவிட்டது. என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டு அவன்தான் லைனை நிறுத்தினான். "கையில ஒண்ணும் படலையே மாமா?" என்று கேட்டு என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்கு அழுகை வந்தது. வலியால் அல்ல.

இப்போது யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை, எல்லாம் அவனிடம்தான். டிசி பற்றி எங்களுக்கு வகுப்பெடுக்கிறான். முதல் வரிசையில் நான். ஒவ்வொரு வரிக்கும் "மாமா, புரியுதா?" என்கிறான். புரியவில்லை, அக்கா. இந்த வயதில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொழில், அதையும் உன் பிள்ளை திருப்பிப் போட்டுவிட்டான். உனக்கு உடம்பு சரியில்லை என்றோ, பெண் பார்த்திருக்கிறாய் என்றோ ஏதாவது பொய் சொல்லி அவனை அங்கே கூப்பிட்டுக்கொள். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டு விளக்கு, எந்தக் கரண்ட்டிலானாலும், அணையாமல் எரியட்டும்.

இப்படிக்கு,
உன் பாவப்பட்ட தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மத்தியானம் ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. பேட்டரி இருந்தும், அதை ஏசியாக்கும் பெட்டி மக்கர் செய்து என் கூடங்களில் இரண்டு படுத்துவிட்டன. பேட்டரியிலிருந்து நேராக டிசி போகும் அவன் கூடம் கண்கூடச் சிமிட்டவில்லை. எல்லாவற்றையும் டிசிக்கு மாற்ற முதலாளி உத்தரவு போட்டுவிட்டார், தலைமைப் பொறுப்பு எனக்காம். "என்னென்ன தப்பாப் போகும்னு மாமாவுக்குத்தான் சார் அத்துப்படி" என்று உன் பிள்ளை சிபாரிசு செய்தானாம். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. தயவுசெய்து அவனைக் கூப்பிட்டுவிடாதே.