முள்ளம்பன்றியின் இரண்டாவது வளை

ஒரு காட்டில் இரண்டு வளைக்குச் சொந்தக்காரராக ஒரு முள்ளம்பன்றி இருந்தார். பெயர் மாசிலாமணி. ஒன்றில் அவர் குடியிருந்தார். ஒட்டினாற்போல் இருந்த மற்றதை மாதம் பத்துக் கிழங்குக்கு வாடகைக்கு விட்டிருந்தார். சாப்பிட அவருக்கு மாதம் ஆறு கிழங்கு போதும். ஆனாலும் என்னவோ, அந்த ஆறையும் அவரே தோண்டித்தான் தின்றார். முதுகு விட்டுப்போயிற்று. இனி வாடகையிலேயே உட்கார்ந்து சாப்பிட முடியுமா என்று கேட்க ஆடிட்டர் ஆமையிடம் போனார்.

ஆமை நேரிலேயே வந்து பார்த்தது. குடியிருந்த முயல் மரகதத்தை விசாரித்தது. வீட்டுக்காரர் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் சுவரைப் பார்க்க வருவார் என்றாள் அவள். பார்த்துவிட்டுத் திரும்பும்போது முள் கீறிச் சுவர் பெயரும். அதைப் பூச அவரே ஆள் கூட்டி வருவார். மற்றபடி தங்கமானவர்.

அவளுக்கு முன்னால் வளை காலியாகக் கிடந்த கதையும் வெளியே வந்தது. நீர்நாய் வந்து கேட்டபோது மீன் வாடை என்றாராம். குரங்குக்குக் கல்யாணம் ஆகவில்லையாம். ஆந்தை வீடு திரும்புகிற நேரம் சரியில்லையாம்.

"போன வருஷ வாடகை எழுபது," என்றது ஆமை.

"நூத்தி இருபதுங்க."

"அஞ்சு மாசம் காலியா கெடந்துச்சே. தரகர் காக்காவுக்குப் பத்து. சுவர்ப் பூச்சுக்கு அம்பத்தெட்டு. மிச்சம் ரெண்டு. என் ஃபீஸ் ரெண்டு."

மாசிலாமணி, இதில் எந்தச் செலவைக் குறைக்கலாம் என்று கேட்டார்.

"உங்களத்தான் சார்."

அவரும் ரோஷக்காரர்தான். அந்தப் பக்கமே போவதில்லை என்று இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் கால் தானாகப் போய்விட்டது. பக்கத்தில் இருந்தால்தானே வம்பு என்று ஓடைக்கு அக்கரையில் மாதம் பதினோரு கிழங்குக்கு ஒரு வளை பிடித்துக் குடிபோனார். தான் குடியிருந்த வளையை வாடகைக்கு விடவில்லை. வருகிறவர்கள் பாழாக்கிவிடுவார்களே.

அந்த வருஷம் மரகதம் ஒரு மாதம் விடாமல் கொடுத்தாள். பூச்சுச் செலவே இல்லை. முன்பு மாதம் ஆறு கிழங்கு தோண்டியவர், இப்போது ஏழு தோண்டுகிறார். வழியில் யாராவது பார்த்து நலம் விசாரித்தால், முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "வீடு மாசம் பத்து கொடுக்குதுங்க, சுத்த லாபம்," என்கிறார்.

நீதி: சொந்த வீடு லாபம் தர வேண்டுமானால், சொந்தக்காரர் வாடகை வீட்டுக்குப் போய்விட வேண்டும்.