அர்மாஸின் மீன்தொட்டியும் பதினேழாம் எண் கம்பமும்

கீழே எழுதியிருப்பதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. வேண்டுமானால் என் சவுனா நீராவிக் குளியலறையின் அடுப்பின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். அடுப்பு இப்போது ஆறித்தான் இருக்கிறது. கொதிக்கும்போது கேட்டிருந்தாலும் செய்திருப்பேன்.

ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. வடக்கே, குளிர் நாட்டு ஏரிக்கரை ஊரான குவோப்பியோவில் எங்கள் குடியிருப்பின் கீழ்வீட்டுப் பால்கனியில் கெர்த்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மேல்வீட்டுப் பால்கனியிலிருந்து ஒரு சொட்டு அவர் கோப்பையில் விழுந்தது.

"அர்மாஸ்," என்றார் கெர்த்து, தலையை நிமிர்த்தாமலே. "காப்பியில எனக்குப் பால்தான் பழக்கம். மீன் தண்ணி பழக்கமில்ல."

"ஒரு சொட்டுதானே கெர்த்து."

"நான் எண்ணினது நாப்பது. சனிக்கிழமை காலைல மேல வந்து பாப்பேன். சொட்டோ சத்தமோ இருந்துச்சுன்னா, உங்க தொட்டி பால்கனியில இருக்கக் கூடாது."

கெர்த்து எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர். அவர் சனிக்கிழமை என்றால் சனிக்கிழமைதான்.

"தொட்டி போனா மீனுங்களுக்கு நான் இடம் தரேன்," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் அர்மாஸின் மனைவி ஹில்க்கா. "என் ரை மாவு ரொட்டிக்குள்ள ஆறும் தாராளமா அடங்கும்."

மீனை ரொட்டிக்குள் வைத்து ராத்திரி முழுக்கச் சுடுவதில் ஹில்க்காவை மிஞ்ச எங்கள் ஊரில் ஆள் கிடையாது. அர்மாஸ் போய்த் தொட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார். முப்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டிய மனிதர் அவர். ஏரியில் தானே பிடித்த ஆறு மீன்களுக்கும் தன் தடத்து நிறுத்தங்களின் பெயரை வைத்திருந்தார். 'துறைமுகம்' அவருடைய செல்லம்.

ஏற்பாடு எளிமையானது. கீழே மீன்தொட்டி, மேலே கூழாங்கல் பாத்தியில் கீரை. பம்ப் மீன்தண்ணீரை மேலே ஏற்றும், பாத்தியின் அடித்துளை வழியாக அது வடிந்து கீழே வரும். கால்மணி நேரம் ஏற வேண்டும், முக்கால்மணி நேரம் வேர் மூச்சுவிட வேண்டும்.

இங்கேதான் அர்மாஸ் தவறினார். காரை விற்றவர், பதினோரு வருஷம் காத்திருந்து வாங்கிய பதினேழாம் எண் கார் நிறுத்தும் இடத்தை மட்டும் விடவில்லை. குளிர்காலத்தில் கார் எஞ்சினைச் சூடேற்ற அங்கே ஒரு மின்கம்பம் நிற்கும். கம்பம் சும்மா நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. பால்கனியிலிருந்து ஒயரை இறக்கி அதில் பம்பைச் செருகினார். எஞ்சின் சூடேற்றும் டைமருக்குக் கால்மணிக் கணக்கு தெரியாது. ஓடினால் ஒரேயடியாக இரண்டு மணி நேரம் ஓடும், பாத்தி நிரம்பி வழியும்.

"துளை சின்னது, அதான் வழியுது," என்றார் அர்மாஸ். "சைஃபன் வெச்சா சரியாப் போயிடும்."

பாத்தியின் நடுவில் ஒரு குழாயை நிறுத்தி, அதன் மேல் ஒரு பாத்திரத்தைக் கவிழ்க்க வேண்டும். தண்ணீர் குழாயின் உயரத்தைத் தாண்டியதும் ஒரே இழுப்பில் மொத்தமும் இறங்கிவிடும். வீட்டில் அளவாக இருந்த பாத்திரம் ஒன்றே ஒன்று.

புதன்கிழமை சொட்டு நின்றது. ஆனால் ஒவ்வொரு தடவை வடியும்போதும், விருந்து சாப்பிட்டவர் ஏப்பம் விடுவதுபோல் ஒரு சத்தம் தெருமுனைவரை கேட்டது. கெர்த்து வீட்டுக்கு வந்திருந்த பாதிரியார் கையிலிருந்த கேக்கைத் தட்டில் திருப்பி வைத்தார்.

"மேல யாருக்கோ வயிறு சரியில்ல போல," என்றார் கெர்த்து.

"வயிறு இல்ல," என்றார் ஹில்க்கா மேலிருந்து. "என் காப்பிப் பாத்திரம். நேத்திலேருந்து தேடிட்டிருக்கேன்."

சீக்கிரம் வடிந்தால் சத்தம் சீக்கிரம் முடியும் என்று கணக்குப் போட்ட அர்மாஸ், வியாழக்கிழமை குழாயை இரண்டு மடங்கு பெரிதாக்கினார். இழுப்பு எப்படி இருந்தது என்றால், கீரை எல்லாம் ஒரே பக்கமாகத் தலைவணங்கியது. கொடியில் காய்ந்த ஹில்க்காவின் காலுறை ஒன்று பாத்திக்குள் போனது. தண்ணீர் தொட்டியில் விழுந்த வேகத்தில் துறைமுகம் கம்பித் தடுப்பைத் தாண்டிப் பறந்து, கீழ்ப் பால்கனியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கெர்த்துவின் உருளைக்கிழங்குத் தட்டில் இறங்கியது.

கெர்த்து அரை நிமிஷம் பார்த்தார். உப்பை எடுத்தார்.

அர்மாஸ் வீட்டுச் செருப்போடு படியிறங்கி ஓடினார். "உப்பு வேண்டாம் கெர்த்து, அது துறைமுகம்."

"தட்டுக்கு வந்தா எனக்கு எல்லாம் மீன்தான்," என்றார் கெர்த்து. இருந்தாலும் கொடுத்துவிட்டார். "இன்னும் ரெண்டு நாள்."

மேலே ஹில்க்கா மாவு பிசைய ஆரம்பித்திருந்தார்.

"எதுக்கு இப்பவே?" என்றார் அர்மாஸ்.

"புளிக்கணும்ல."

வெள்ளிக்கிழமை அர்மாஸ் மீன் வளர்ப்பவராக யோசிப்பதை விட்டு ஓட்டுநராக யோசித்தார். இரண்டு மணி நேரத்தை மாற்ற முடியாதா, சரி, அதற்குள் எட்டு நடை ஓட்டலாம். பம்பின் வாயில் திருகு வைத்துத் தண்ணீரை ஒரு தீக்குச்சிப் பருமனுக்குக் குறைத்தார். பாத்தி நிறையப் பதினான்கு நிமிஷம், வடிய ஒரு நிமிஷம். குழாயின் வாயில் ஹில்க்காவின் இன்னொரு காலுறையைக் கட்டினார். சத்தம் செத்தது.

மீன்கள் சாயங்காலத்துக்குள் நேர அட்டவணையைப் பழகிக்கொண்டன. பதின்மூன்றாம் நிமிஷம் ஆறும் தண்ணீர் விழும் இடத்துக்கு வந்து, நாம் பேருந்து நிறுத்தத்தில் நிற்பதுபோல, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு வரிசையாக நின்றன. அரை நிமிஷம் தாமதமானாலும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் மனதில் வைத்துக்கொண்டன.

சனிக்கிழமை கெர்த்து கையில் கடிகாரத்தோடு வந்தார். கூடவே, குடியிருப்பைப் பராமரிக்கும் ரெய்மா நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். சமையலறையில் அடுப்பு சூடாகிக்கொண்டிருந்தது.

பதினான்கு நிமிஷம். தண்ணீர் ஏறியது. ஒரு நிமிஷம். இறங்கியது. ஒரு சொட்டு வெளியே இல்லை, பெருமூச்சு அளவுக்குக்கூடச் சத்தம் இல்லை. கெர்த்து தரையைத் தடவிப் பார்த்தார். குனிந்து காதை வைத்துக் கேட்டார். இரண்டாவது நடையையும் பார்த்தார்.

"தொட்டி இருக்கலாம்," என்றார் கடைசியில். "அந்தக் கீரையில ஒரு கட்டு கீழ அனுப்புங்க."

அர்மாஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஹில்க்கா அடுப்பை அணைத்து, "போகட்டும், பன்றிக்கறி வெச்சுச் சுட்டுக்கறேன். என் காப்பிப் பாத்திரம் என்னிக்கு வரும்?" என்றார்.

"முறையா எழுதி வெச்சிடுவோம்," என்றார் கெர்த்து. "ரெய்மா, எழுதிக்கோ. பதினேழாம் கம்பம், மீன் பம்ப், ரெண்டு மணி நேரம்."

ரெய்மா பென்சிலை எடுத்தார். எழுதவில்லை. பால்கனியிலிருந்து இறங்கும் ஒயரை ஒரு தடவை பார்த்தார், பாத்தியில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீரை ஒரு தடவை பார்த்தார்.

"எழுதறதுல ஒண்ணுமில்ல," என்றார். "ஆனா அந்தக் கம்பங்களுக்கெல்லாம் மே ஒண்ணாந்தேதியே நான் கரண்ட நிறுத்திட்டேன், இனி அக்டோபர்லதான் வரும்."