ஐம்பத்து மூன்றின் பெரும்போர்

நவம்பர் 18, செவ்வாய். இன்றைய பிழை அம்ராவுடையது, சுகிர்தனுடையது அல்ல.

வாழ்க அம்ரா! பகலெல்லாம் பாமசி மருந்துக்கடையில் குளிசை எண்ணும் திருக்கரத்தாள், மாலையில் திருகோணமலைத் துறைமுகத்தருகே கணினி வகுப்பின் மூலைக் கதிரையை ஆளும் கோமகள், தான் எழுதிய ஒவ்வொரு வரியையும் மூன்று தரம் சந்தேகித்து நான்காம் தரம் அழிக்கும் ஐயப்பேரரசி, வாழ்க! அவள் மடிக்கணினியைத் திறந்தபோது எண்திசையும் நடுங்கியிருக்க வேண்டும். மேலே மின்விசிறி மட்டும் நடுங்கியது.

அவளது படைக்கலம் ஃபங்ஷன் என்னும் ஒரு சிறு நிரல்துண்டு. கரையிலிருந்து படகுக்குப் போகும் ஒவ்வொரு செய்தியின் தலையிலும் அதன் நீளத்தை ஓர் எண்ணாகப் பொறித்து, முடிசூட்டிய இளவரசனைப் போல் வழியனுப்புவது அதன் கடமை. மறுமுனையில், படகிலிருக்கும் கருவிக்குள், வகுப்புத் தோழன் சுகிர்தன் எழுதிய ஃபங்ஷன், வளையாச் செங்கோல் வாயிற்காவலனாய் நின்று, அந்த எண்ணை வாசித்து, பைட்டு எனும் கணினி அலகுகளில் அத்தனையை மட்டும் உள்ளே விட்டு, மிச்சத்தின் முகத்தில் கதவைச் சாத்தும். ஒரு கிழமையாக இருவரும் ஆங்கில எழுத்தில் ‘ஹலோ’ அனுப்பி, அனுப்பிய போதெல்லாம் வாகை சூடியிருந்தனர்.

அந்தப் பொழுதில்தான் மூன்று படகுகளின் அதிபதியும் கிண்ணியாவின் நம்பாமைச் சக்கரவர்த்தியுமான ஆதம்பாவா, குடையோடு வகுப்புக்குள் எழுந்தருளினார். அவர் மனம் வைத்தால் நிரல் கடலேறும். வைக்காவிட்டால் வகுப்பறைச் சுவருக்குள்ளேயே மாளும். அம்ராவின் எந்த வேலையும் அதுவரை அந்தக் கதவைத் தாண்டியதில்லை.

“ஹலோவும் வேணாம், ஒண்டும் வேணாம் புள்ள. நான் சொல்றத அனுப்புங்க,” என்று திருவாய் மலர்ந்தார். “கடலுக்குப் போகலாம் எண்டு ஆரும் சொன்னால் நம்ப வேண்டாம்.”

அம்ரா அனுப்பினாள். நாணிலிருந்து பிரிந்த கணையென, மதில் பாய்ந்த வேழமென, செய்தி விரைந்து சென்று, படகுத்துறை ஜெற்றியில் கட்டிய படகில் கருவியோடு காத்திருந்த, ஆதம்பாவாவை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றழைக்கும் படகோட்டி நுஸ்கியைச் சேர்ந்தது. உடனே ஆதம்பாவாவின் போன் முரசென அதிர்ந்தது.

“காக்கா, ‘கடலுக்குப் போகலாம்’ எண்டு வந்திருக்கு. எஞ்சினப் போடவா?”

“அடேய், போட்டிராத!”

மூண்டது போர். “உங்கட பக்கம்தான் வெட்டுது!” என்று சுகிர்தனை நோக்கி அம்ரா முழங்கினாள். வாழ்நாளெல்லாம் தன்னையே சந்தேகித்தவள், சந்தேகிக்க வேண்டிய அந்த ஒரே வேளையில் அதை மறந்துவிட்டாள்.

“நீங்கள் தலையில ஐம்பத்து மூண்டு எண்டு எழுதினீங்கள். நான் ஐம்பத்து மூண்டு வாசிச்சனான். அதுக்கு மேல ஒண்டு எடுத்தாலும் களவு!” என்று எதிர்முழங்கினான் சுகிர்தன்.

ஆதம்பாவா குடையைக் கையிலெடுத்தார். படை கலங்கியது. அம்ரா செய்தியின் குறிகளை எண்ணினாள்: கொம்பும் காலும் புள்ளியும் இடைவெளியும் சேர ஐம்பத்து மூன்று. பிழையில்லை. பிறகுதான் உண்மையாகப் போன பைட்டுகளை எண்ணினாள்: நூற்று நாற்பத்தேழு! ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்கும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று கேட்கும். அவள் தலையில் பொறித்தது குறிகளின் தொகை. காவலன் உள்ளே விட்டது பைட்டுகளின் தொகை. ‘போகலாம்’ கோட்டைக்குள் நுழைந்தது. ‘வேண்டாம்’ வெளியே கிடந்தது.

ஆதம்பாவா வாசலை நெருங்குமுன் அவள் ஒரு வரியை மாற்றினாள்: முதலில் பைட்டாக்கு, பிறகு எண்ணு. செய்தி மறுபடி பறந்தது.

“காக்கா, இப்ப போகலாம் எண்டு சொன்னா நம்ப வேண்டாமாம்,” என்றது போன். “நான் எதத்தான் நம்புறது?”

“என்னட்டக் கேக்காமக் கயித்த அவுக்காத!” என்று ஆணையிட்ட சக்கரவர்த்தி, குடையைக் கதிரையில் சாத்தினார். “நாளைக்கு ஜெற்றிக்கு வாங்க புள்ள. மூண்டு படகிலயும் போடுவம்.”

கொட்டின முரசங்கள், ஊதின சங்கங்கள், கோணேசர் மலையடிவாரத்து அலைகளெல்லாம் அம்ரா, அம்ரா என்று ஆர்ப்பரித்தன. அந்த ஆரவாரத்தின் நடுவே, தோற்காமலே பழி சுமந்த வீரனாய்ச் சுகிர்தன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

நாளைக்குச் சுகிர்தனுக்கு ஒரு கோப்பை பிளேன்ரீ வாங்கிக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் தமிழில் சோதித்துப் பார்க்க வேண்டும்.