மனைவியிடம் டோக்கன் வாங்கியவன்

பேஷண்ட் ஆகிவிடுவது என்று முடிவு செய்தேன். வேறு வழி தெரியவில்லை.

என் மனைவி ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தப் பிரிவு நர்ஸ். மாத்திரையை நீட்டி அனுப்பிவிடுகிற ரகம் இல்லை. ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, தூக்கம் எப்படி, மனசில் என்ன பாரம் என்று விசாரிப்பாள். மூச்சை மெதுவாக விடச் சொல்லித் தருவாள். உடம்பையும் மனசையும் சேர்த்துப் பார்க்கணுமாம். வீட்டுக்கு வந்தால் "கேஸ் அடுப்பை மூடினீங்களா?" அவ்வளவுதான். சோபாவிலேயே கண் அசந்துவிடுவாள். அவர்களுக்கு ரத்தத்தில் அழுத்தம். இவளோ ஆளே அழுத்தம். நாங்கள் உட்கார்ந்து பேசி எத்தனை மாதம் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். பிரஷர் ஏறட்டும் என்று ஆஸ்பத்திரியின் மூன்று மாடியையும் இரண்டு தடவை ஓடி ஏறினேன். மூச்சு இரைக்க, டோக்கனோடு அவள் முன்னால் உட்கார்ந்தேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள்.

"நூத்தறுபது. சாருக்கு என்ன கவலை?"

"வீட்ல பேச ஆள் இல்ல." எல்லாரும் அவளை சிஸ்டர் என்பார்கள். எனக்கு அப்படிக் கூப்பிட நாக்கு எழவில்லை.

"மனைவி இருக்காங்களா?"

"இருக்காங்க. ரொம்ப நல்லவங்க. காதை ஊருக்கெல்லாம் கொடுத்துட்டு வர்றதுல, வீட்டுக்கு மிச்சம் இருக்கிறதில்ல."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

"மெதுவா மூச்ச விடுங்க."

ஐந்து நிமிஷம். வெளியே வரிசை காத்திருந்தது. இருக்கட்டும், அவர்களைவிட அதிக நாளாகக் காத்திருந்தவன் நான்.

திரும்ப அளந்தாள்.

"நூத்திருபது. இனிமே ஓடாதீங்க. படிக்கட்டு இந்த ஜன்னலுக்கு நேரேதான் இருக்கு."

தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சீட்டில் ஏதோ எழுதினாள். குரல் கொஞ்சம் இளகியிருந்தது.

"சாயந்தரம் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நில்லுங்க. தினமும் என்கூட அரை மணி நடக்கணும்."

ஐந்தரைக்கே போய் நின்றேன். தலை சீவி, சட்டை மாற்றி, அவளிடம் சொல்ல ஆறு விஷயம் மனசில் அடுக்கி வைத்திருந்தேன். ஆறுக்கு அவள் வந்தாள். பின்னால் பதினாலு பேஷண்ட்டுகள்.

"இவங்கல்லாம்?"

"தினம் என்கூட நடக்கிறவங்க. நீங்க வழி காட்டிட்டே முன்னால போங்க, நான் கடைசி ஆளோட பேசிட்டே வரேன்."