நிற்காத இயந்திரத்தை நிறுத்திய குற்றம்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை என்ற குறையை நகரக் குடிநீர் அலுவலகத்தின் இரண்டாம் மாடிதான் தீர்த்து வைத்தது. எரிபொருள் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், ஒருமுறை தள்ளிவிட்டால் உலகம் உள்ளவரை ஓடும் 'நித்திய இயந்திரம்' அங்கேதான் ஒரு மேசை மேல் சுற்றியது. அதைக் கண்டுபிடித்த விஞ்ஞானி, பெரிய அதிகாரியின் சகலை. இது தற்செயல்தான் என்று அலுவலகமே ஒருமனதாக நம்பியது.

ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பை மின் இணைப்பிலிருந்து துண்டித்து, இந்த இயந்திரத்தோடு இணைத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. அதற்கு முன் ஒரு சோதனை. சோதனை என்றால் அந்த அலுவலகத்தில் ஏழு பேர் கமிட்டி, ஒரு பதிவேடு. மணிக்கொரு முறை எட்டிப் பார்த்து, 'ஓடுகிறது' என்று ஏழு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஏழு கையெழுத்து விழுந்துவிட்டால் அங்கே பொய்கூட நெஞ்சை நிமிர்த்தி நடக்கும்.

ஏழாவது உறுப்பினருக்குத் திடீரென்று மூட்டுவலி வந்ததால், பம்ப் அறை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் இருப்பதால் அவருக்குப் பெயரே டெஸ்டர்தான். பதினெட்டு வருடமாக அந்தப் பம்பைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டவர். அது நின்றால் ஊர்க் குழாய்களில் காற்றுதான் வரும் என்று அவருக்குத் தெரியும். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"சார், இது என்ன ஒயர்? செவுத்துப் பக்கம் போகுதே?"

விஞ்ஞானி பெருந்தன்மையோடு சிரித்தார். "அது உள்ளே வர்ற ஒயர் இல்ல. வெளியே போற ஒயர். தேவைக்கு மேல உற்பத்தி ஆகுற கரண்டை அரசாங்கத்துக்குத் தானமாக் குடுத்துட்டிருக்கேன்."

கமிட்டி கைதட்டியது. அதில் ஓர் உறுப்பினரான ஸ்டோர்கீப்பருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப இதைப் புடுங்கிட்டா, தானம் போறதும் மிச்சமாகி இன்னும் வேகமால்ல ஓடணும்?" என்ற டெஸ்டர், பதிலுக்குக் காத்திராமல் பிளக்கை இரண்டு விரலால் பிடுங்கினார்.

இயந்திரம் மூன்று சுற்று யோசித்துவிட்டு நின்றது.

"பாவி! தானம் குடுக்க முடியலேன்னு அதுக்கு மனசு ஒடஞ்சு போச்சுய்யா!" என்று விஞ்ஞானி தலையில் அடித்துக்கொண்டார். கமிட்டி அவசரமாகக் கூடியது. ஏற்கெனவே கூடித்தான் இருந்தது. ஆகவே நாற்காலிகளை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டு கூடியது. பிளக்கை மறுபடி சொருகியதும் எல்லோருக்கும் உயிர் வந்தது.

மறுநாள் டெஸ்டருக்கு மெமோ வந்தது. 'எக்காலத்தும் நிற்காத இயந்திரத்தைத் தாங்கள் நிறுத்தியமைக்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' ஆறு உறுப்பினர்களின் சாட்சியம் இணைப்பு. அலுவலக வழக்கப்படி தலைமை அலுவலகத்துக்கு நகல்.

"மன்னிப்புக் கேட்டுட்டு, அவங்க சொல்ற எடத்துல கையெழுத்தைப் போட்டுட்டு வந்துருங்க. வேலை போயிட்டா என்ன பண்றது?" என்றாள் மனைவி.

"பம்ப் நின்னுட்டா ஊர் என்னடி பண்ணும்?" என்றார். சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கும் பயம்தான். மெமோவை நாலு முறை படித்தார். ஐந்தாம் முறை சிரித்தார். வழக்கப்படி தலைமை அலுவலகத்துக்கும் ஒரு நகல் வைத்துப் பதில் எழுதினார்: 'குற்றம் உண்மை. நான்தான் நிறுத்தினேன். தகுந்த தண்டனை தரவும்.'

பெரிய அதிகாரி வியர்க்க விறுவிறுக்கக் கூப்பிட்டனுப்பினார்.

"யோவ், நீ ஒத்துக்கிட்டா மெஷின் நின்னுச்சுன்னு ஆயிடுமேய்யா!"

"நின்னுச்சே சார். ஆறு பேர் சாட்சி சொல்லி, நீங்களே முத்திரை குத்தியிருக்கீங்க."

"நிரபராதின்னு எழுதிக் குடுத்துடு. விட்டுடறேன்."

"செஞ்ச தப்பை எப்படி சார் செய்யலேன்னு சொல்றது? மனசாட்சி உறுத்தாதா?"

"கால்ல வேணா விழறேன்யா!"

"எந்திரிங்க சார். எனக்குத் தண்டனைதான் வேணும்."

தலைமை அலுவலகத்துக்கு இயந்திரத்தைப் பற்றிக் கவலையில்லை. ஒப்புக்கொண்ட குற்றம் ஒன்று தண்டனையில்லாமல் கோப்பில் கிடப்பதைத்தான் அதனால் பொறுக்க முடியாது. டெஸ்டரை ஆறு மாதம் சஸ்பெண்ட் செய்து உத்தரவு வந்தது. காரணம்: 'இயந்திரத்தை நிறுத்தினார்.' நின்றதாக உத்தரவே சொல்லும் இயந்திரத்தோடு பம்பை இணைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஊருக்குத் தண்ணீர் வந்தது. சம்பளம் பாதியாகிவிட்ட வீட்டில் டெஸ்டர் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, மனைவியின் திட்டைச் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கமிட்டியும் தன் தவற்றை உணர்ந்து இறுதி அறிக்கையில் ஒரு விதியைச் சேர்த்தது: 'இனி எந்தச் சோதனையிலும் மின்சாரம் தெரிந்த எவரையும் அறைக்குள் விடலாகாது.' மூட்டுவலி குணமாகித் திரும்பியவரையும் சேர்த்து ஏழு கையெழுத்து. அந்த அறிக்கையையே நற்சான்றிதழாக வாங்கிக்கொண்டு விஞ்ஞானி அடுத்த ஊருக்குப் போனார்.

அந்த விதி இன்றும் அமலில் இருக்கிறது. யாரும் தள்ளிவிடாமல், எதுவும் செலவில்லாமல், அந்த அலுவலகத்தில் நிற்காமல் ஓடுவது அது ஒன்றுதான்.